படிக்காமல் விட்ட வரி

பிப்ரவரி 9

அன்புள்ள பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் முட்டி மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் கண் எரிச்சல் குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எழுது.

போன வாரம் நீ பேசுகிறாய் என்று உன் அப்பா போனை என் காதில் வைத்தான். கொரகொர என்று என்னமோ கேட்டது. நானும் சரி சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியாது. இனிமேல் எனக்குச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்லிவிடு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான், ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டால் உன் கோழிக்கிறுக்கலைப் படித்துவிடுவேன்.

மார்பில் வருகிற புற்றுநோயைப் பார்த்துச் சொல்லும் மெஷினில் என் பேத்திக்கு வேலை என்று தெரு முழுக்கத் தெரியும். நான்தான் சொன்னேன். எதிர்வீட்டுக் குமாஸ்தா, ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு என்னைச் சீண்டுவதுதான் உத்தியோகம், அந்த மெஷின் மூட்டுவலி எல்லாம் பார்க்காதா என்று கேட்டார். வாய்க்கு என்று தனி மெஷின் வந்ததும் முதலில் உங்களைத்தான் அனுப்புவேன் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். ஆனால் நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று விவரமாக எழுது. தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டுவது.

உன் பாட்டி


பிப்ரவரி 27

அன்புள்ள பாட்டிக்கு,

நான் இருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன். உங்கள் முட்டிக்குத் தினமும் தைலம் தேய்க்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அன்று போனில் நீங்கள் சரி என்றது அதற்குத்தான்.

வேலையைக் கேட்டிருந்தீர்கள். கட்டி இருக்கிறவர்களுக்கு ஊசியால் துளி சதை எடுப்பார்கள். அதுதான் பயாப்சி. அந்தத் துளியை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பெயர் ஸ்லைடு. சாயம் ஏறிய பிறகு ரோஜா நிறமும் கத்தரிப்பூ நிறமுமாக இருக்கும். ஸ்கேனர் அதைப் பெரிய படமாக்கித் திரையில் போடும். புற்று இருக்கிற இடத்தைச் சுற்றி நான் கோடு போடுவேன். அப்படி ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டித்தான் மெஷினைப் பழக்குகிறார்கள். பழகியபின் புதுப் படத்தைக் காட்டினால், புற்றாக இருக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று ஒரு எண் சொல்லும். எங்கள் டாக்டரம்மா எண்ணையும் பார்ப்பார், ஸ்லைடையும் பார்ப்பார். கையெழுத்து அவருடையது.

போன மாதம் ஒரு அம்மாவின் அக்குள் நெறிகட்டியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு இடம் டாக்டரம்மாவின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. மெஷின் பிடித்தது. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஸ்லைடை எடுத்தார்.

ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. சாயங்காலம் தங்கும் அறைக்கு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதிலும் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ரொம்பப் பெரிய வேலை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் பாட்டி. சாதாரண வேலைதான்.

அப்பாவையும் உங்களையும் நினைத்துக்கொண்டே,
உங்கள் பேத்தி


மார்ச் 12

அன்புள்ள பேத்திக்கு,

கடிதம் கிடைத்தது. தைலம் தேய்க்கிறான், பாத்திரம் துலக்குகிற மாதிரி. மற்றபடி குறையில்லை. உன் கண்ணைப் பார்த்துக்கொள்.

சாதாரண வேலை என்று எழுதியிருந்தாய். பெரிய வேலையில் இருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது ஒரு காரியம். மூன்றாவது வீட்டுத் தையல்காரியை உனக்கு நன்றாகத் தெரியும், உன் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் அவள் தைத்ததுதான். புருஷன் இல்லாமல், ஜன்னலோரம் அந்தத் தையல் மெஷினை மிதித்தே மகளைக் காலேஜில் சேர்த்துவிட்டாள். அவளுக்கு இடது மார்பில் கட்டி. இங்கே ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து, புற்றுதான் என்று தாள் கொடுத்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பெரியம்மா, எடுத்தது துளிதான். அதைப் பாத்துட்டு மொத்தத்தையும் எடுக்கணும்கறாங்க. உங்க பேத்தி ஒரு தடவ பாக்கட்டுமே" என்றாள்.

நான் உடனே சொல்லிவிட்டேன், என் பேத்தி பார்த்துச் சொல்லாமல் உன் மேல் யாரும் கத்தி வைக்க வேண்டாம் என்று. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்து மூன்று ஸ்லைடையும் வாங்கி வந்துவிட்டாள். பட்டன் போட்டுவைக்கிற தகர டப்பாவில் வெட்டுத்துணி சுற்றி வைத்து, தாளின் நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உடைந்திருக்காது. சீக்கிரம் பார்த்து எழுது. உன்னைத்தான் நம்பியிருக்கிறாள்.

உன் பாட்டி


ஏப்ரல் 3

அன்புள்ள பேத்திக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்பதே இப்போது முதல் கேள்வியாகிவிட்டது. டப்பா உன் கையில் கிடைத்ததற்குத் தபாலாபீஸ் சீட்டு வந்துவிட்டது. உன் பதில்தான் வரவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி போய்விட்டது. அவள் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். வெளியூரில் காட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டாளாம்.

தினம் சாயங்காலம் வந்து உட்காருகிறாள். வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை, கடிதம் வைக்கிற அலமாரியை ஒரு பார்வை பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள். கேட்டால் ஏதாவது சொல்லலாம். கேட்காதவளுக்கு என்ன சொல்வது. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிடுகிறது.

உன் பாட்டி


ஏப்ரல் 10

அன்புள்ள பாட்டிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. டப்பா கிடைத்தது, ஸ்லைடு உடையவில்லை. எழுதத் தாமதமானதற்கு மன்னித்துவிடுங்கள். வேலை அதிகம்.

மெஷினில் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் பயப்படும்படி எதையும் அது காட்டவில்லை. ஆனால் இதை வைத்து ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், டாக்டரம்மா தன் கண்ணால் பார்த்தபிறகு நான் எழுதுகிறேன் என்று தையல் அத்தையிடம் சொல்லுங்கள்.

வெயிலில் தபால்காரருக்காக நிற்காதீர்கள். தலை சுற்றும்.

உங்கள் பேத்தி


ஏப்ரல் 19

அன்புள்ள பேத்திக்கு,

நூறு வருஷம் நன்றாக இரு. உன் கடிதம் வந்த அன்று எனக்கு முட்டி வலியே தெரியவில்லை. நானே மூன்று வீடு நடந்து போனேன்.

வாசலில் நின்றபடியே படித்துக் காட்டினேன். தையல் மெஷினில் கால் வைத்தபடியே கேட்டாள். மடியில் கிடந்த நூலைத் தட்டிவிட்டாள். பிறகு ஒரு மாசமாகக் கிடந்த துணிகளை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாளாக அந்த ஜன்னலிலிருந்து சத்தம் ஓயவில்லை என்று உன் அப்பா சொன்னான். ஆபரேஷனுக்குப் புதுத் தேதி கொடுத்தார்களாம், வேண்டாம் என்றுவிட்டாள்.

குமாஸ்தாவும் கேள்விப்பட்டார். "அப்ப ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னது தப்புங்கறீங்களா?" என்று கேட்டார். அதை அங்கே போய்க் கேளுங்கள், என் பேத்தி சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்றேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது பின்தெருவிலிருந்தும் விசாரிக்கிறார்கள்.

உன் பாட்டி


மே 4

அன்புள்ள பாட்டிக்கு,

உடம்பு விசாரிப்பெல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

இன்று காலை, ரிப்போர்ட் நகலின் மூலையில் இருந்த நம்பரில் தையல் அத்தையைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். அவர்களுக்குப் புற்றுதான். உங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னது சரி. உடனே ஆஸ்பத்திரியில் போய்ச் சேரச் சொன்னேன். உங்களுக்குத் தபாலில் சொல்லி, நீங்கள் போய்ச் சொல்லி, அத்தனை நாள் காத்திருக்க முடியாது. அதனால்தான் நேராகப் பேசினேன்.

இனி நான் செய்தது. வெளி ஆட்களின் ஸ்லைடை மெஷினில் வைக்க எனக்கு அனுமதி இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் டப்பா இரண்டு வாரம் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது வைத்துப் பார்த்தேன். எண் குறைவாக வந்தது. டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன் என்று உங்களுக்கு எழுதினேன், காட்டவில்லை. காட்டினால் எப்படி வைத்தாய் என்று கேட்பார். அத்தை ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டதாக நீங்கள் எழுதியபிறகும் நாளைக்கு, நாளைக்கு என்றே மூன்று வாரம் ஓடிவிட்டது. நேற்று அவரே பார்த்துவிட்டார். எங்கள் நம்பர் இல்லாமல் மூன்று படம் கிடக்கிறதே, யாருடையது என்றார். நான் எழுந்து நின்றேன்.

அவர் திட்டவில்லை. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சாயம் போட்டிருக்கிறார்கள். சீவல் தடிமன், நிறம் வெளுப்பு. அந்த வெளுப்புக்குள் எறும்பு போவது போல ஒற்றை வரிசையாகப் புற்றணுக்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் மெஷின் எங்கள் லேபின் நிறத்தை மட்டுமே பார்த்துப் பழகியது. "பழகாத ஸ்லைடைக் கொடுத்தாலும் அது ஒரு நம்பர் சொல்லும்மா. தெரியலைன்னு சொல்ல அதுக்கு இன்னும் நாம கத்துக்கொடுக்கல" என்றார்.

நான் டாக்டர் இல்லை பாட்டி. லேப் படிப்பு இரண்டு வருஷம் படித்துவிட்டுக் கோடு போடுகிறேன். நான் போடும் கோட்டையும் இன்னொருவர் திருத்துவார். இதை உங்களிடம் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் தெருவில் சொல்லிவைத்திருந்ததைக் கேட்டபிறகு வாய் வரவில்லை.

உங்கள் பேத்தி


மே 21

அன்புள்ள பாட்டிக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆபரேஷன் பத்தொன்பதாம் தேதி முடிந்துவிட்டது என்று அத்தையின் மகள் சொன்னாள். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, பாட்டி கூடவே இருக்கிறார்கள், பேசத்தான் மாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

கோபம் தீர்ந்தபிறகு எழுதினாலும் போதும்.

உங்கள் பேத்தி


ஜூன் 16

அன்புள்ள பேத்திக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் அப்பாவும் சுகம்.

உன் கடிதம் வருவதற்குள் அவளே வந்துவிட்டாள். என் வலது காதோரம் குனிந்து, "இருக்காம் பெரியம்மா. உங்க பேத்தியே சொல்லிட்டா" என்றாள். அவ்வளவுதான். மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்துவைக்கப் போனாள். எனக்குச் சொல்லாமல் நீ அவளுக்குச் சொன்னதில் உன் மேல் பத்து நாள் கோபமாக இருந்தேன். ஆபரேஷன் அன்று வெளியே அந்த இரும்பு நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. அதற்குப் பின் நான் எழுதாமல் இருந்தது வேறு காரணம்.

உன் ஏப்ரல் கடிதத்தில், பயப்படும்படி எதையும் காட்டவில்லை என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தள்ளிப்போட வேண்டாம் என்ற வரி. அதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. அதைப் படித்தால் என் பேத்தி சொன்னது முழுப் பதில் இல்லை என்று ஆகிவிடும். அதனால் கடிதத்தை மடித்துவிட்டேன்.

இரண்டு நெறிகட்டியில் பரவியிருக்கிறதாம். மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கஷாயம் குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மார்ச்சிலேயே போயிருந்தால் அந்த இரண்டிலும் வந்திருக்காதோ என்று கேட்டாள். காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். கேட்டது.

உங்கள் டாக்டரம்மாவிடம் அதைக் கேட்டு எழுது. இல்லை, மெஷினிடம்தான் கேட்க முடியும் என்றால் அதனிடம் கேள்.

உன் பாட்டி


ஜூன் 27

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

மெஷினிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஸ்லைடு ஒரு நாளில் எடுத்த சதை. அந்த நாளில் என்ன இருந்தது என்பதைத்தான் அது காட்டும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். மார்ச்சிலேயே அங்கே இருந்திருக்கலாம், அதற்குப் பிறகு வந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். தாமதத்தால் வந்ததில்லை என்றே எழுதட்டுமா, பாட்டி வயதானவர்கள் என்றேன். அப்படி எழுதாதே என்றார். அதனால் எழுதவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேனர் பக்கம் ஆறு மாசம் போகக் கூடாது. வேலை இருக்கிறது.

இப்போது வேறு ஊர் லேப்களிலிருந்தும் ஸ்லைடு வரவழைக்கிறார்கள், மெஷினுக்கு எல்லா நிறமும் பழகட்டும் என்று. தையல் அத்தையின் மூன்றையும் அதில் சேர்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்கிறார். பெயர் எங்கும் வராது. சம்மதத் தாள் இத்துடன் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், ஸ்லைடைத் திருப்பி அனுப்பிவிடுவோம். சரி என்றால் அதில் கோடு போடும் வேலையை எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் பேத்தி


ஜூலை 15

அன்புள்ள பேத்திக்கு,

சாப்பிடுகிறேன். உன் அப்பா தைலத்தை விட்டுவிட்டான், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையைத் தூக்கக் கூடாது என்பதால் மெஷினுக்குத் துணி போட்டு மூடி, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "அந்தக் கடுதாசியில இன்னொரு வரி இருந்துச்சு. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதேன்னு எழுதியிருந்தா. நான் உனக்குப் படிக்கல."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"தெரியும் பெரியம்மா. தாள்ல பாதிக்கு மேல எழுதியிருந்துச்சு. நீங்க படிச்சது ஒரு வரி."

"அப்ப ஏன் நீ கேக்கல?"

"கேட்டா படிச்சிடுவீங்களே."

அவள் பட்டன் தைத்தாள், நான் அடுத்த பட்டனை எடுத்துக் கொடுத்தேன். அவள் சொன்னது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். திரும்பிப் போய்க் கேட்கவில்லை. நெறிகட்டி பற்றி டாக்டரம்மா சொன்னதை, நீ எழுதியிருந்தபடி எல்லா வரியும் படித்தேன். சரி என்று தலையாட்டினாள்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், இத்துடன் இருக்கிறது. அந்த மெஷின் தப்பாகப் பார்த்ததல்லவா, ஒழுங்காகப் பார்த்துப் பழகட்டும் என்று சொல்லச் சொன்னாள். நீ கோடு போடுவதாக எழுதியதையும் சொன்னேன். நான் பள்ளிக்கூட உடுப்பு தைத்துக் கொடுத்த பெண்தானே, கை நடுங்காமல் போடச் சொல்லுங்கள் என்றாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பின்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பையிலிருந்து ஸ்லைடு டப்பாவை எடுத்து நடையில் வைத்தாள். எதிரே குமாஸ்தா பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று நான் சத்தமாகத்தான் சொன்னேன், எனக்கு மெதுவாகப் பேசவும் வராது.

"என் பேத்தி டாக்டர் இல்லம்மா. படத்துல கோடு போடற வேலை. அவளால சொல்ல முடியாது, அந்த மெஷினும் தனியா எதையும் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில என்ன தேதி கொடுத்தாங்களோ அன்னிக்குப் போ."

போகாமல் நின்றாள். கூட வர ஆளில்லை என்றாள். எந்தத் தேதி என்றேன். வருகிற வியாழக்கிழமை என்றாள். குமாஸ்தா பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தையல்காரிக்கு இரண்டாவது மருந்து ஏற்றுவதும் அன்றைக்குத்தான். எட்டு மணி பஸ்ஸில் மூன்று பேரும் போகிறோம். மருந்து ஏற்றினால் குமட்டுகிறது என்று அவளுக்கு ஜன்னலோர இடம் வேண்டும். புதிதாக வருகிறவளுக்குப் பயம், வழி முழுக்கப் பேச ஆள் வேண்டும். அவளை என் இடது பக்கம் உட்கார வைத்துக்கொள்வேன். அந்தக் காது சுத்தமாகக் கேட்காது, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

உன் பாட்டி